மூக்குக்குத் தெரியாத வாயு

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூக்கும் தொண்டையும் எரிய எழுந்தார்கள். உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்திருந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து, வலையையும் படகையும் கறுப்பாக்கி, வீட்டுக்குள் வரை வாடை வீசியது.

அங்கிருந்து வடக்கே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே பழவேற்காடு ஏரி வரை நீண்டு கிடக்கும் மணல் திட்டில் இருக்கிறது காட்டுப்பள்ளி. ஒரு பக்கம் துறைமுகமும் கப்பல் கட்டும் தளமும், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும். தெற்கே அனல் மின் நிலையங்கள். மிச்சமிருக்கும் இடத்தில் சவுக்குத் தோப்பும் குப்பங்களும். இங்கே வாழ்பவர்களுக்கு மூக்கு ஒரு தொழிற்கருவி. இறால் நேற்றையதா இன்றையதா, கருவாடு சரியாகக் காய்ந்திருக்கிறதா, ஏரித் தண்ணீர் கெட்டிருக்கிறதா என்பதெல்லாம் மோந்து பார்த்தே தெரிந்துவிடும். ஆலைகள் வந்த பிறகு புதிய வாடைகளையும் அந்த மூக்கு கற்றுக்கொண்டது. சமையல் எரிவாயுவின் வாடையும் அதற்குத் தெரியும். அந்த வாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்மத்தைக் கலந்துதான் சிலிண்டரில் அடைக்கிறார்கள்.

இப்படிப் பழகிய மூக்குக்கும் அகப்படாத ஒரு வாயு உண்டு. அது எந்த ஆலையிலிருந்தும் வர வேண்டியதில்லை. வீட்டு அடுப்பிலிருந்தும், கொசுவுக்கு மூட்டிய தணலிலிருந்தும், கரண்ட் போன இரவில் ஓடும் ஜெனரேட்டரிலிருந்தும் வருகிறது. கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, மணம் கிடையாது, சுவை கிடையாது, கண்ணில் எரிச்சலும் இல்லை. சுவாசிப்பவருக்கு மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது. நமக்கு மூச்சு முட்டுவதாக உணர்த்துவது ஆக்சிஜன் குறைவு அல்ல. இரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடுதான் முக்கியமாக அந்தத் தவிப்பைக் கிளப்புகிறது. மோனாக்சைடு அந்த மணியை அடிப்பதே இல்லை. நுரையீரல் வழக்கம்போல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதே உள்ளே உறுப்புகள் ஆக்சிஜன் இல்லாமல் வாடத் தொடங்குகின்றன.

விறகு எரியும்போது என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். சவுக்கு மிலாறோ வேலிக்காத்தான் கட்டையோ, முதலில் புகைந்து, பிறகு தழல்விட்டு, கடைசியில் சிவந்த தணலாகிறது. காற்று தாராளமாகக் கிடைத்தால் ஒவ்வொரு கார்பன் அணுவும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். தணலின் நடுவிலோ நிலைமை வேறு. அடியில் உண்டான கார்பன் டை ஆக்சைடு, மேலே இருக்கும் செக்கச்சிவந்த கரியினூடே ஏறிவரும்போது, அந்தக் கரியிலிருந்து இன்னொரு கார்பனைச் சேர்த்துக்கொண்டு இரண்டு மோனாக்சைடு மூலக்கூறுகளாகப் பிரிகிறது. நன்கு பிடித்த கரியடுப்பை இருட்டில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தணலின் மேல் மெல்லிய நீலச் சுவாலை ஓடி ஓடி மறையும். அந்த நீலம் கார்பன் மோனாக்சைடு எரிகிற நிறம். தணல் சற்று ஆறி, மேலே சாம்பல் பூத்து, அந்த நீலம் அணைந்த பிறகும் வாயு உண்டாவது நிற்பதில்லை. எரியாமல் அப்படியே வெளியேறத் தொடங்குகிறது.

ஏமாற்றம் இங்கேதான் இருக்கிறது. புகையைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். கண் கரிக்கிறது, இருமல் வருகிறது, கதவைத் திறக்கிறோம். புகை அடங்கிய தணலைப் பார்த்தால் ‘இனிப் பரவாயில்லை’ என்று தோன்றுகிறது, சட்டியோடு தூக்கி வீட்டுக்குள் வைக்கிறோம். புகை நின்ற அந்த நேரத்தில்தான் மோனாக்சைடு துணைக்கு எந்த வாடையும் இல்லாமல் தனியாக வருகிறது. குளிருக்குக் கரி மூட்டிக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழாத செய்தி, நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் அவ்வப்போது வருவது இதனால்தான். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன நண்பர்கள் இறைச்சி சுட்ட கரியடுப்பை அணைக்காமல் அதன் அருகே உறங்கினார்கள். இருவர் இறந்துபோனார்கள். 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் மலையில், விடுதி அறையொன்றில் எரிவாயுக் கணப்பை வைத்துக்கொண்டு கதவு சன்னலை அடைத்துத் தூங்கிய கேரளக் குடும்பங்களைச் சேர்ந்த 8 பேர், நான்கு குழந்தைகள் உட்பட, ஒரே இரவில் போனார்கள்.

காட்டுப்பள்ளியில் மலைக்குளிர் கிடையாதே என்று கேட்கலாம். அதற்கு வருகிறேன். அதற்கு முன் இந்த வாயு உடம்புக்குள் செய்யும் வேலையைச் சொல்லியாக வேண்டும். அறிவியலில் நான் படித்தவற்றில் என்னை மிகவும் வியக்கவைத்த பகுதிகளில் ஒன்று அது.

இரத்தச் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதம், நுரையீரலில் ஆக்சிஜனை ஏற்றிக்கொண்டு திசுக்களில் இறக்கிவிடுகிறது. ஒவ்வொரு ஹீமோகுளோபினிலும் நான்கு இடங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் இரும்பு அணு. பழவேற்காட்டில் அக்கரைக்கு ஆள் ஏற்றிப்போகும் படகாக அதை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் ஏறுவார்கள், அக்கரையில் இறங்குவார்கள், படகு திரும்பும். மோனாக்சைடு ஏறினால் எளிதில் இறங்காது. அந்த இரும்பை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. அது மட்டுமில்லை. ஓர் இடத்தில் மோனாக்சைடு உட்கார்ந்துவிட்டால் புரதத்தின் வடிவமே மாறி, மற்ற மூன்று இடங்களில் இருக்கும் ஆக்சிஜனும் இறங்கத் தயங்கும். ஆள் நிறைந்த படகு கரையைத் தொட்டும் யாரும் இறங்காமல் திரும்புகிறது.

சோகைக்கும் இந்த நச்சுக்கும் உள்ள வேற்றுமை இதில் புரியும். ஹீமோகுளோபின் பாதியாகக் குறைந்த ஒருவர் சோர்வாக இருப்பார், ஆனாலும் எழுந்து நடமாடி, மீன்கூடையைக்கூடத் தூக்கிவிடுவார். அளவில் குறைவில்லாத ஹீமோகுளோபினில் பாதியை மோனாக்சைடு பிடித்துக்கொண்டவரோ நினைவிழந்து விழுவார், உயிருக்கே ஆபத்து. இரண்டு பேரிடமும் ஆக்சிஜன் சுமக்கக்கூடிய ஹீமோகுளோபின் ஒரே அளவுதான். முதலாமவரிடம் அது இறக்குகிறது. இரண்டாமவரிடம் இறக்க மறுக்கிறது.

இவ்வளவு கொடிய பொருளை நம் உடம்பே தினமும் தயாரிக்கிறது என்பது அடுத்த வியப்பு. அடிபட்ட இடம் கன்றிப்போய், முதலில் கருநீலமாக இருந்து, சில நாளில் பச்சையாகி, மஞ்சளாகி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். வெளியேறித் தேங்கிய இரத்தத்தில், ஹீமோகுளோபினின் இரும்பைத் தாங்கும் ஹீம் என்ற பகுதியை ஒரு நொதி வெட்டுகிறது. பிலிவெர்டின் என்ற பச்சை நிறமி உண்டாகிறது. அந்தப் பச்சை மூலக்கூறு ஒவ்வொன்று உருவாகும்போதும் ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு வெளிவருகிறது. அடிபடாத உடம்பிலும் பழைய சிவப்பணுக்கள் மண்ணீரலிலும் ஈரலிலும் ஓயாமல் உடைபடுவதால் இது நடந்துகொண்டே இருக்கிறது. புகைபிடிக்காத, சுத்தமான காற்றில் வாழ்கிற ஒருவரின் இரத்தத்திலும் ஒரு சதவீதத்துக்கு அருகில் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின் இருக்கும். நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் வேலைக்கும் உடம்பு இந்தச் சிறு அளவைப் பயன்படுத்திக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் நம் சொந்த மோனாக்சைடே நம்மைக் கொல்லாதா? ஹீமைப் புரதத்திலிருந்து தனியாகப் பிரித்துக் கரைசலில் வைத்தால், அது மோனாக்சைடை ஆக்சிஜனைவிட ஏறத்தாழ 20,000 மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும். அந்த நிலையில் உடம்பு சுரக்கும் சிறு அளவே போதும், மூச்சு நின்றுவிடும். ஹீமோகுளோபின் என்ற புரதம் அந்த இரும்பைச் சுற்றி ஒரு குழி அமைத்திருக்கிறது. குழியின் ஓரத்தில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஆக்சிஜனுக்கு மட்டும் கைகொடுத்து அதை நிலைநிறுத்துகிறது. மோனாக்சைடுக்கு அந்த உதவி கிடைப்பதில்லை. 20,000 மடங்கு சுமார் 200 மடங்காக இறங்குகிறது. உள்ளேயிருந்து வரும் மோனாக்சைடைச் சமாளிக்க அந்த 200 போதும். மூடிய அறையில் தணலை வைப்பதை மட்டும் பரிணாமம் எதிர்பார்த்திருக்கவில்லை.

இனி காட்டுப்பள்ளியின் வீடுகள். பனையோலைக் கூரையும் மண்சுவருமாக இருந்த பழைய குடிசையில் அடுப்பு எரிந்தால் புகை கூரை இடுக்கு வழியாகவே கசிந்து வெளியே போகும். அந்தப் புகை பெண்களின் நுரையீரலையும் கண்ணையும் பல ஆண்டுகளில் மெல்லக் கெடுத்தது உண்மை. அதைப் பழைய பெருமையாகப் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே இரவில் மோனாக்சைடு தேங்கிக் கொல்லும் அளவுக்கு அந்தக் குடிசை அடைப்பாக இருந்ததில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் எங்கும் காங்கிரீட் வீடுகள் வந்தன. கப்பல் தளத்துக்காக இடம்பெயர்ந்தவர்களுக்கும் புதுக் குடியிருப்புகள். மழைக்கும் காற்றுக்கும் அவை நல்ல வீடுகள்தான். அந்த வீட்டின் பின்பக்கத்தில் விறகடுப்பு தொடர்கிறது. சிலிண்டர் தீர்ந்த நாளுக்கும், குளிக்க வெந்நீர் போடவும், பெரிய சட்டியில் நண்டு வேகவைக்கவும் அது வேண்டியிருக்கிறது. மழை பிடித்தால் அடுப்பு உள்ளே வருகிறது. கொசுவுக்குத் தேங்காய் மட்டையில் தணல் போட்டு மூலையில் வைப்பதும், குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டிய சட்டியைத் தாயும் பிள்ளையும் படுத்திருக்கும் அறையிலேயே விட்டுவிடுவதும் உண்டு. ஓலைக்குடிசையில் பழகிய வழக்கங்கள் இப்போது நான்கு சுவரும் தளமும் அடைத்த அறைக்குள் நடக்கின்றன. புயல் இரவில் சன்னலும் சாத்தியிருக்கும். இந்தக் கரைக்கு நான் அஞ்சுவது இந்தச் சேர்க்கையைத்தான்.

புயலோடு வருவது ஜெனரேட்டர். மிக்ஜாம் சமயத்தில் வடசென்னையிலும் அதைச் சுற்றியும் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஐஸ் பெட்டியில் மீன் வைத்திருப்பவர், மோட்டார் போட்டுத் தண்ணீர் இறைக்க வேண்டியவர், கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற வேண்டிய தெரு, எல்லோருக்கும் ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் அவசியமாகிவிடுகிறது. மழையில் நனையக்கூடாது என்று அதைத் திண்ணையிலோ மாடிப்படிக்கு அடியிலோ வைப்பார்கள். காரின் புகைக்குழலில் மோனாக்சைடை எரித்துவிடும் வினையூக்கி இருக்கிறது. கையில் தூக்கிச் செல்லும் சிறு ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் அது கிடையாது. ஒரு ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்களுக்கு ஈடான மோனாக்சைடைக் கக்கக்கூடும் என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. 2020 ஆகஸ்டில் லூசியானாவைத் தாக்கிய லாரா புயலில் கடல்நீர் பல அடி உயரத்துக்கு ஊருக்குள் ஏறியது. ஆனாலும் கடல் கொண்டுபோனவர்களைவிட, புயல் ஓய்ந்த பிறகு ஜெனரேட்டர் வாயுவில் இறந்தவர்கள் அதிகம்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு நிகழ்ச்சி. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்கள் அதே வண்டியில் அதே ஜெனரேட்டரை ஓடவிட்டுச் சோதித்தார்கள். தளத்தில் இருந்த ஓர் ஓட்டை வழியாக வாயு உள்ளே ஏறி, இரண்டு மணி நேரத்தில் 1,000 பிபிஎம்மை நெருங்கியிருந்தது. பிபிஎம் என்றால் பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு. இந்தியாவின் காற்றுத்தர விதி வெளிக்காற்றில் ஒரு மணி நேரத்துக்கு அனுமதிப்பது ஒரு கனமீட்டருக்கு 4 மில்லிகிராம், அதாவது 4 பிபிஎம்மைக்கூட எட்டாது.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் சோர்ந்துபோதல். இந்த நச்சின் தொடக்க அறிகுறிகள் இவ்வளவுதான். சாப்பிட்ட மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றோ மழைக்காய்ச்சல் என்றோ நினைத்துப் படுக்கப் போவார்கள். படுத்தவர்கள் எழாமலே போகலாம். காய்ச்சல் வீட்டில் ஒருவருக்கு முதலில் வந்து பிறகு மற்றவருக்குத் தொற்றும். இந்த நச்சோ எல்லோரையும் ஒரே நேரத்தில் பிடிக்கும், வெளியே காற்றாட நின்றால் குறையும், உள்ளே போனால் திரும்ப வரும். வீட்டுப் பூனையும் துவண்டு கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

கொரோனா காலத்தில் வாங்கி வைத்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. விரலில் மாட்டிப் பார்த்து ‘98 காட்டுகிறது, பயமில்லை’ என்று யாராவது சொல்லக்கூடும். அந்தக் கருவி இரத்தத்தினூடே இரண்டு நிற ஒளியைச் செலுத்தி, ஏற்றப்பட்ட ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கணிக்கிறது. மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் ஏறியதைப் போலவே சிவப்பாக இருப்பதால் இரண்டையும் அது பிரித்தறியாது. சாகக் கிடப்பவரின் விரலிலும் 98 காட்டும்.

மூக்கும் உதவாது, உடம்பின் தவிப்பும் உதவாது, கையிலிருக்கும் கருவியும் உதவாது என்றால் வேறு ஏதாவது காவலுக்கு வேண்டும். முதலில் அந்த வேலையைச் செய்தது ஒரு சிறு பறவை. ஜே.எஸ்.ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து உடலியலாளர் 1890-களில் நிலக்கரிச் சுரங்க விபத்துகளை ஆராய்ந்தார். வெடிப்பில் இறந்தவர்களில் பெரும்பாலோர் தீயில் கருகவில்லை, பின்னால் சூழ்ந்த மோனாக்சைடில் மாண்டார்கள் என்று கண்டறிந்தார். அந்த வாயுவைத் தானே அளந்து சுவாசித்து, தலைசுற்றும்வரை குறிப்பெடுத்தார். சிறிய உடம்பும் வேகமான மூச்சும் கொண்ட உயிரினங்களின் இரத்தத்தில் மோனாக்சைடு மிக விரைவில் ஏறிவிடும் என்பதால், எலியையோ சிறு பறவையையோ கூடவே கொண்டு போகச் சொன்னார். கேனரிக் குருவி கம்பியிலிருந்து விழுந்தால் மனிதனுக்கு வெளியேறச் சில நிமிடம் மிச்சம். பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986 வரை அந்தக் கூண்டுகள் இருந்தன.

இன்று அந்த இடத்தில் இருப்பது உள்ளங்கையளவு வெள்ளை டப்பா. அதைத் திறந்தால் நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டமான உலோகக் குப்பி இருக்கும். அதன் முகத்தில் ஊசிமுனைத் துளை. அந்தத் துளை வழியாக அறைக்காற்று உள்ளே ஊடுருவி, பிளாட்டினம் பூசிய மெல்லிய சவ்வில் போய்ப் படுகிறது. சவ்வுக்குப் பின்னால் கந்தக அமிலம் நனைத்த திண்டு. மோனாக்சைடு மூலக்கூறு ஒன்று பிளாட்டினத்தைத் தொட்டதும் நீரிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக் கார்பன் டை ஆக்சைடாகிறது, இரண்டு எலக்ட்ரான்களை விட்டுப்போகிறது. அந்த எலக்ட்ரான்கள் கம்பி வழியே மறுபக்கம் ஓடுகின்றன. மூலக்கூறு அதிகமானால் மின்னோட்டமும் அதே கணக்கில் கூடும். தணலில் பாதி எரிந்து மிச்சமாக நின்ற கார்பன், சுவரில் தொங்கும் டப்பாவுக்குள் வந்து மீதியையும் எரித்து முடிக்கிறது. அப்படி எரியும்போது எழும் மின்சாரத்திலேயே நம்மை எச்சரிக்கிறது.

அதைவிட அழகு, அது எப்போது அலறுகிறது என்பதில் இருக்கிறது. மோனாக்சைடு பட்டவுடன் அது கத்துவதில்லை. அமெரிக்காவின் யு.எல். 2034 தர விதிப்படி, 70 பிபிஎம் இருந்தால் ஒரு மணியிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் ஒலிக்க வேண்டும். 150 பிபிஎம் என்றால் 10 முதல் 50 நிமிடத்துக்குள். 400 பிபிஎம் என்றால் 4 முதல் 15 நிமிடத்துக்குள். இந்த எண்கள் மனித இரத்தத்திலிருந்து வந்தவை. அந்தக் காற்றைச் சுவாசிப்பவரின் ஹீமோகுளோபினில் 10 சதவீதம் மோனாக்சைடு வசப்படுவதற்கு முன் ஒலிக்க வேண்டும் என்பதே கணக்கு. டப்பாவுக்குள் இருக்கும் சில்லு அறையின் காற்றை அளந்துகொண்டே, அங்கே தூங்கும் ஒருவரின் இரத்தத்தில் இந்நேரம் எவ்வளவு ஏறியிருக்கும் என்று விடாமல் கணக்குப் போடுகிறது. அடுப்புப் பற்றவைக்கும்போது ஒரு நிமிடம் எழுகிற வாயுவுக்கு அலறாமல், இரவெல்லாம் மெல்லச் சேர்வதற்கு அலறுவது இதனால்தான்.

வாங்கும்போது கவனம் வேண்டும். கடையில் ‘கேஸ் டிடெக்டர்’ என்று கேட்டால் பெரும்பாலும் சிலிண்டர்க் கசிவைக் காட்டும் கருவியைத்தான் கொடுப்பார்கள். அது வேறு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். அதற்கான கருவியைத் தரையோரம் மாட்டுவார்கள். மோனாக்சைடு காற்றின் கனத்துக்கு ஏறக்குறைய சமம், அறை முழுவதும் கலந்து நிற்கும். அதனால் அதன் கருவியைத் தூங்குபவர் தலைமாட்டுக்கு அருகில் சுவரில், ஒலி கேட்கும் தூரத்தில் மாட்டினால் போதும். டப்பாவின் மேல் கார்பன் மோனாக்சைடு என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். விறகடுப்புக்கு நேர் மேலே மாட்டாதீர்கள்; தினமும் ஒலிக்கும், மூன்றாம் நாள் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். குப்பியிலுள்ள வேதிப்பொருளுக்கு ஆயுள் உண்டு, தயாரிப்பைப் பொறுத்து ஐந்திலிருந்து பத்து ஆண்டு வரை. பின்புறத்தில் தேதி இருக்கும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் ஒலிப்பான் வேலை செய்கிறது என்று தெரியும். குப்பி உயிரோடு இருக்கிறதா என்று தெரியாது. உப்புக்காற்று மின் இணைப்புகளை அரிக்கும் இந்தக் கரையில், அந்தத் தேதி முடியும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுவது நல்லது.

இங்கிலாந்தில் 2022 அக்டோபரிலிருந்து, எரிபொருள் எரியும் நிலையான கருவி உள்ள அறைகளில் இதை மாட்டித்தர வேண்டியது வீட்டை வாடகைக்கு விடுபவரின் சட்டக் கடமை. நம் ஊரில் இதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. ஒவ்வொரு மீனவர் வீட்டிலும் ஒன்று வாங்குங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மீன்பாடு கிடைக்காத மாதத்தில் ஒரு டப்பாவுக்குக் காசு எங்கே? இதைப் பொதுச் செலவில் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. புயல் வந்தால் குடும்பங்கள் அனைத்தும் ஒதுங்குகிற பாதுகாப்பு மையங்கள்தான் முதல் இடம். அங்கே ஜெனரேட்டரும் உண்டு, சாத்திய சன்னல்களும் உண்டு, ஒரே கூடத்தில் படுத்திருக்கும் குழந்தைகளும் உண்டு. அடுத்து, துறைமுக வேலைக்கு வெளிமாநிலத்திலிருந்து வந்து நெருக்கமான அறைகளில் சமைத்துத் தூங்கும் தொழிலாளர்களின் விடுதிகள்.

கருவி வரும்வரை செய்யக்கூடியது காற்றுக்கு வழிவிடுவது. தணல் சட்டி இரவில் வெளியே. ஜெனரேட்டர் வீட்டிலிருந்து குறைந்தது இருபதடி தள்ளி, புகைக்குழல் சன்னலைப் பார்க்காமல். கேஸ் அடுப்பின் சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாக ஆடி, பாத்திரத்தின் அடியில் கரி படிந்தால், பர்னர் அடைத்து மோனாக்சைடு உண்டாகிறது. ஊசியால் குத்திச் சுத்தம் செய்தால் சரியாகும்.

கர்ப்பிணிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழக அடுப்படிப் புகையைப் பல ஆண்டுகளாக அளந்துவருகிறார்கள். அவர்கள் பங்கேற்ற நான்கு நாட்டு ஆய்வு ஒன்றில் 3,200 கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டார்கள். இந்தியாவின் பங்கு விழுப்புரத்திலும் நாகப்பட்டினத்திலும். பாதிப்பேருக்கு எரிவாயு அடுப்பும் தடையில்லாத சிலிண்டரும் கொடுத்து, மற்றவர்கள் விறகிலேயே சமைக்க, இரு பிரிவினரின் உடையிலும் மாட்டிய சிறு கருவிகள் நுண்துகளையும் மோனாக்சைடையும் பதிவு செய்தன. எரிவாயு பெற்றவர்கள் சுவாசித்த நுண்துகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. குழந்தைகளின் பிறப்பு எடையில் மட்டும் குறிப்பிடத்தக்க வேற்றுமை தெரியவில்லை என்று 2022-இல் முடிவு வெளியானது. எதிர்பார்த்தது கிடைக்காதபோதும் அதை மறைக்காமல் சொன்ன ஆய்வு என்பதால் அதன்மேல் எனக்கு மதிப்பு கூடியது. தினசரிச் சமையல் புகையும் ஒரே இரவில் மூடிய அறையில் ஏறும் மோனாக்சைடும் வெவ்வேறு ஆபத்துகள். இரண்டாவதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

மோனாக்சைடு நஞ்சுக்கொடியைத் தாண்டும். கருவின் இரத்தத்தில் அது மெதுவாக ஏறி, கடைசியில் தாயினுடையதைவிட அதிகமாகி, மெதுவாகவே இறங்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழகக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குச் சோகை. ஏற்கெனவே குறைவாக இருக்கும் ஹீமோகுளோபினில் ஒரு பங்கை இழப்பது அவர்களுக்கு மற்றவர்களைவிடக் கடுமை.

ஆகவே, கருவி ஒலித்தாலோ, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை கனத்தாலோ, முதலில் எல்லோரையும் வெளியே கொண்டுவந்துவிட்டு 108-ஐ அழையுங்கள். மயங்கிக் கிடப்பவரை எடுக்க உள்ளே போகிறவர் கதவு சன்னலைத் திறந்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் உடனே திரும்ப வேண்டும். உள்ளே நின்று முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தால் அவரும் விழுவார். மருத்துவமனையில் ‘மயக்கம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அறையில் தணல் இருந்தது, ஜெனரேட்டர் ஓடியது, சன்னல் சாத்தியிருந்தது என்று சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் மருத்துவர் மோனாக்சைடைத் தேடும் இரத்தப் பரிசோதனைக்கு எழுதுவார். சாதாரணக் காற்றில் இருந்தால் ஏறிய வாயுவில் பாதி இறங்க நான்கிலிருந்து ஆறு மணி நேரம் ஆகும். முகமூடி வைத்துத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் பாதி இறங்கிவிடும். கர்ப்பிணியாக இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவருக்குத் தலைவலி தெளிந்த பிறகும் குழந்தைக்காக ஆக்சிஜனை நெடுநேரம் தொடர வேண்டியிருக்கும்.